ரெக்சின் தலையணை

பக்கவாதம் வந்து என் கணவர் கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் கிடந்தபோது, வாயிலிருந்து வழிந்த எச்சிலில் பஞ்சுத் தலையணை ஊறி நாறியது. எறும்பும் மொய்த்தது. நான் தையல்காரி. எச்சில் உள்ளே இறங்காதபடி, மேல்பக்கம் தையலே வராமல் ரெக்சினில் உறை தைத்து, ஜிப்பை அடியில் வைத்தேன். துடைத்தாலே சுத்தமானது. ஆனால் ரெக்சின் சூட்டில் அவர் கழுத்து சிவந்துபோனது. மேலே பழைய வேட்டியை விரித்தேன்.

"இப்ப எப்படி கீதுங்க?"

"சில்லுனு கீது" என்று குழறினார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அந்த வேட்டியோடு அவர் உடலை எடுத்துப்போனதும் நர்ஸ் தலையணையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தார்.

"பக்கத்து பெட்டுல மலையிலேர்ந்து வந்த பெரியவர் கீறாரு. அவருக்குக் குடுக்கட்டுமாக்கா?"

தலையாட்டினேன். ஈரம் காய்வதற்குள் அதில் இன்னொரு தலை இருந்தது. அவருடைய வாடைகூட மிஞ்சவில்லை. அவ்வளவு சுலபமாகத் துடைக்கும்படி தைத்திருக்க வேண்டாம் என்றிருந்தது.