மேடத்துக்கு நான் முதல் மாணவி

“ஏம்புள்ள, இப்படி எல்லாத்துக்கும் தலையாட்டீட்டே இருந்தீன்னா, கடைசீல டாக்டர் பட்டத்த உனக்குக் குடுக்கறதா, உன் கழுத்துக்குக் குடுக்கறதா?”

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை அக்கா கேட்டது இது. அவர் வேறொரு பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். நான் பாலக்காட்டுக் கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர் சிரித்துக்கொண்டே கேட்டதால் நானும் சிரித்தேன். சிரித்தபடியே தலையையும் ஆட்டியிருக்கிறேன். “பாரு, இதுக்கும் ஆட்டறா!” என்று மேசையில் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உனக்குப் படிப்பு வராதுன்னு சொல்லல. ஆனா இது வாய் இருக்கறவங்க படிக்கற படிப்பு. உனக்கு ஒத்து வருமான்னு பாத்துக்க” என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் தைத்தது. எனக்குப் படிப்பு வரும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறிக்கிறவர்; பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பாவும் போனதில்லை, எந்த பஸ் எங்கே போகும் என்று வண்டியின் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்குப் போய், கல்லூரிக்கும் போய், அதையும் தாண்டிப் போனவள் நான் ஒருத்திதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் தலையாட்டும் விஷயத்தில் அக்கா சொன்னது உண்மை. எஸ்டேட்டில் காலையில் வேலை பிரிக்கும்போது சூப்பர்வைசர் ஒரு ஃபீல்டின் எண்ணைச் சொல்வார். அம்மா “சரிங்க சார்” என்பார். அட்டை மொய்க்கிற ஃபீல்டாக இருந்தாலும் “சரிங்க சார்”தான். அதைப் பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. மழை வந்தால் தலையில் சாக்கைப் போட்டுக்கொள்வது மாதிரி, கை தானாகப் போகிற பழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

என் கைடு மேடமும் புதியவர்தான். மற்றவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டும் அனுமதி அவருக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. அவருக்கு நான்தான் முதல் ஆள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். தோப்பும் வயலும் உண்டு. முதல் நாள் நான் அறைக்குள் நுழைந்ததும், “வாங்க, உக்காருங்க. சாப்புட்டீங்களா?” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் ஊரில் மேலே இருப்பவர் நம்மை ‘வாங்க’ என்றால் அன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தாமதமாக வந்தவளை ‘வாங்கம்மா மகாராணி’ என்று வரவேற்றுவிட்டுத்தான் சூப்பர்வைசர் திட்ட ஆரம்பிப்பார். மேடம் தினமும் என்னை ‘வாங்க’ என்றார், ‘சொல்லுங்க’ என்றார், ‘பரவால்லீங்க’ என்றார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன்.

“மரியாதயா பேசுதாங்கன்னா நீ ஏதோ தப்பு பண்ணிருக்கட்டி. என்னன்னு தெரியாட்டாலும் பரவால்ல, போய் மன்னிப்பு கேளு” என்றார் அம்மா.

போய்க் கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எதுக்குங்க மன்னிப்பு?” விஷயத்தைச் சொன்னதும் அடக்க முடியாமல் சிரித்தார். “எங்கூருல நாயக்கூட ‘தள்ளிப் படுங்க’ன்னுதான் சொல்லுவோமுங்க. நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்க.”

என் ஆய்வு மண்புழுக்களைப் பற்றியது. ஒரு நிலத்தில் சதுரமாகக் குழி தோண்டி, எடுத்த மண்ணைக் கையால் உதிர்த்து, அதில் என்னென்ன புழுக்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஆழத்தில் இருப்பவற்றை வரவழைக்கக் கடுகுப் பொடி கரைத்த தண்ணீரை ஊற்றுவோம். உறைப்புத் தாங்காமல் மேலே வந்துவிடும். எனக்கு இந்த ஆசை சின்ன வயதிலேயே வந்தது. லயம் என்று நாங்கள் சொல்லும் எஸ்டேட் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் காய்கறித் தோட்டம் இருக்கும். அங்கே மண்வெட்டி பட்ட இடமெல்லாம் புழு நெளியும். சில அடி தள்ளி, தேயிலை வரிசைக்குள் வெட்டினால் ஒன்றும் இருக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அதை மலையில்தான் செய்ய வேண்டும்.

மேடம் போட்ட திட்டத்தில் மலை இல்லை. “நம்ம பக்கத்துத் தென்னந்தோப்புகள்லயே பண்ணிரலாமுங்க. காலைல போனா மத்தியானம் லேப்புக்குத் திரும்பிரலாம். எங்கப்பா தோப்பும் இருக்குது. என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். என் தலை என்னைக் கேட்காமலே ஆடியது.

அடுத்த வாரமே அவர் அப்பாவின் தோப்பில் ஒத்திகைக்குக் குழி தோண்டினோம். பெரியவர் கட்டிலைத் தூக்கிவந்து நிழலில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நான் கடுகுத் தண்ணீரை ஊற்றியபோது, “ஏனுங்க அம்மிணி, கடுகெல்லாம் போடறீங்க, கருவேப்பிலை வேண்டாமுங்களா?” என்றார். மேடம், “அப்பா, சும்மா இருங்க” என்றார். “சரி, பாத்தப்பறம் அதுகள திருப்பி உட்டுருவீங்கல்ல? எல்லாம் நம்ம தோப்புப் புழுவுங்க” என்றார் பெரியவர். இளநீர் வெட்டிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவர்களிடம் போய் ‘எனக்கு உங்கள் தோப்பு வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? கோபக்காரர்களாக இருந்திருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தலைப்பையும் இடத்தையும் ஆய்வுக் குழு கூடி முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. நான்கைந்து வருடம் தென்னை மரங்களுக்கு நடுவில்தான். விடுதி அறையில் கண்ணாடி முன் நின்று, “மேடம், எனக்கு வேற யோசனை இருக்கு” என்று சொல்லிப் பழகினேன். கண்ணாடியில் நன்றாகத்தான் வந்தது. மேடத்தின் அறை வாசலில் வாய் ஒட்டிக்கொண்டது.

குழு கூடிய அன்று நான் படங்களைக் காட்டிப் பேசி முடித்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் மலையாளத்தில் சாதாரணமாகக் கேட்டார்: இடுக்கியிலிருந்து வந்த பெண், தென்னந்தோப்பை ஏன் தேர்ந்தெடுத்தாய்? அதற்கான பதிலை மேடமும் நானும் தயாரித்து வைத்திருந்தோம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. நான் தேர்ந்தெடுக்கவில்லை சார், எனக்கு மலையில் செய்யத்தான் ஆசை என்று சொல்லிவிட்டேன்.

அவர் மேடத்தின் பக்கம் திரும்பி, இது உங்களுக்குத் தெரியுமா என்றார். “இப்பத்தான் தெரியுது” என்றார் மேடம். யாரோ சிரித்தார்கள். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தபின் திரும்ப வாருங்கள் என்று குழு எங்களை அனுப்பிவிட்டது.

படிக்கட்டில் மேடம் நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. “இத்தனை பேரு முன்னால சொல்லத் தெரிஞ்சுதுங்கல்ல? என்ற ரூமுல வெச்சு ஒரு வார்த்த சொல்ல முடியலீங்களா? நாந்தான் கடைசியாத் தெரிஞ்சுக்கோணுமா?” கோபத்திலும் அந்த ‘ங்க’ போகவில்லை. இந்த முறை அது உண்மையான கோபம்தான்.

நான் வழக்கம்போல மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். “மன்னிப்பு வேண்டாமுங்க. காரணம் சொல்லுங்க.”

அதே படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். காய்கறித் தோட்டம், தேயிலை வரிசை, எல்லாம். அவரும் தன் காரணத்தைச் சொன்னார். “நீங்க எனக்கு மொத ஆளுங்க. உங்கள மலைக்கு அனுப்பி, அங்க ஒண்ணும் தேறலீன்னா உங்க படிப்பும் போச்சு, இனிமே எங்கிட்டயும் யாரும் சேர மாட்டாங்க. தோப்புன்னா கண்ணு முன்னால இருக்கும். எனக்குப் பயமுங்க, அவ்வளவுதான்.”

மேடத்துக்குப் பயம் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அந்தத் தைரியத்தில், “ஒரு தடவ வந்து பாருங்க மேடம். பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க” என்றேன்.

மழைக்காலத்தில் லீவு போட்டுவிட்டு வந்தார். கோட்டயம்வரை ரயில், அங்கிருந்து மலைப் பாதையில் பஸ். முதல் வளைவுகளிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். அடுத்த வளைவுகளில் எலுமிச்சம்பழமும் உதவவில்லை. குட்டிக்கானத்தில் முகம் கழுவிக்கொண்டே, “மண்ண இந்த ரோட்டுலதான் லேப்புக்குக் கொண்டாருவீங்களா? மண்ணே வாந்தி எடுத்துருமுங்க” என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்தது. மனம் வைக்காதவர் அந்த நிலையில் கேலி பேச மாட்டார்.

மறுநாள் காலை மழையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியும் தேயிலை வரிசைக்குள் ஒரு குழியும் தோண்டினோம். தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்தவுடனேயே புழுக்கள். தேயிலைக் குழியில் எவ்வளவு உதிர்த்தும் ஒன்றுமில்லை. கடுகுத் தண்ணீரும் வீணாயிற்று. மேடம் காலில் ஏறிய அட்டையைக்கூடக் கவனிக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மதியம் அம்மா கப்பைக் கிழங்கும் மத்திமீன் கறியும் வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் மேடம் ஆரம்பித்தார். “தோட்டத்துல உங்கம்மா சாணி போடறாங்க, கழனித் தண்ணி ஊத்தறாங்க. தேயிலைல அது ரெண்டும் இல்ல. புழு இருக்காதுன்னு தெரிஞ்ச சங்கதிதானுங்களே? இதுல புதுசா என்ன இருக்குது?”

“அப்படி இல்ல மேடம்” என்றேன். எனக்கே குரல் சத்தமாகக் கேட்டது.

“பின்ன எப்படி?”

“அப்ப ரெண்ட மட்டும் வெச்சுப் பாக்கக்கூடாது.”

“மூணாவது என்ன? எங்க தோப்பா?”

“தோப்பு வேண்டாம் மேடம். அது வேற மண்ணு, வேற மழை.”

அம்மா கையில் கரண்டியோடு உறைந்துவிட்டார். “ஏட்டி, மேடத்தப் போயி எதுத்தா பேசுத? சோறு போட்ட எடத்துல வச்சு இப்படியா?” என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

“பேசட்டுங்கம்மா. இவிய பேசோணும்னுதான் நான் வாந்தி எடுத்துட்டு மலையேறி வந்தேன்” என்றார் மேடம். என்னைப் பார்த்து, “ம், சொல்லுங்க. மூணாவது?”

அந்த நிமிடம்வரை என்னிடம் மூன்றாவது இல்லை. அவர் விடாமல் கேட்டதால்தான் தோன்றியது. எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் வேலைக்கு ஆள் இல்லாமல் பல வருடங்களாகக் கைவிட்ட தேயிலை இருக்கிறது. மருந்தும் இல்லை, உரமும் இல்லை, சாணியும் இல்லை. செடிகள் மரமாகி நிற்கின்றன. “மனுஷன் கைய எடுத்த தேயிலைல புழு தானா திரும்பி வந்திருக்கா, இல்லையா? அதப் பாக்கலாம் மேடம்.”

மேடம் சாப்பிடுவதை நிறுத்தினார். “இத ஏனுங்க கமிட்டில சொல்லல?”

“அப்ப தெரியாது மேடம். இப்ப நீங்க கேட்டப்பதான் வந்துச்சு.”

அம்மாவிடம் திரும்பி, “இன்னும் கொஞ்சம் கப்பை வைங்கம்மா” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த ஒப்புதல்.

முழுவதும் நான் நினைத்தபடி நடக்கவில்லை. மழைக்காலத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்றேன். கோடையிலும் பார்த்தாக வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். நாள் முழுக்க வாதாடினோம், நான் தோற்றேன். அவர் சொன்னது சரி என்று இப்போது தெரிகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எஸ்டேட்டில் குழி தோண்ட அனுமதி வாங்குவதையும் என் தலையிலேயே கட்டினார். “நான் வந்து கேட்டா அது என்ற ஆராய்ச்சி ஆயிருமுங்க. நீங்களே போய்க் கேளுங்க” என்றார்.

குழு இரண்டாவது முறை கூடியபோது யாருக்கும் பெரிய மறுப்பு இருக்கவில்லை. அதே பேராசிரியர், இந்த முறை உன் கைடு சம்மதித்தாரா என்று கேட்டார். “சண்டை போட்டுச் சம்மதித்தேன்” என்றார் மேடம். பக்கத்து மேசை அக்கா அன்று மாலை எனக்கு ஒரு பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம் அனுமதி கேட்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். “ஆபீஸ்ல அனுவாதம் தரமாட்டாங்கட்டி, அப்பாவக் கூட்டிட்டுப் போ” என்றார் அம்மா. தனியாகவே போனேன். மேனேஜர் நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். ஃபேக்டரிக்கு அருகில் உள்ள ஃபீல்டைக் கேட்டபோது முடியாது என்றார். ஏன் என்று கேட்டேன். அங்கே மறுநடவு தொடங்கப் போகிறதாம். அப்படியானால் அதற்குப் பதிலாக இன்னொன்று தாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தோண்டிய குழிகளை மூடிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இன்று காலை மேல் டிவிஷனில், மரமாகிவிட்ட தேயிலைக்கு அடியில் குழிக்கான சதுரத்தை அளந்து, மூலைகளில் ஆணி அடித்துக் கயிறு கட்டினேன். மேடத்துக்குப் படம் அனுப்பினேன். குழி சின்னதாக இருக்கிறது, பெரிதாக்குங்க என்று உடனே பதில் வந்தது. இந்தச் சரிவில் அதற்குமேல் வெட்டினால் மழைக்கு மண் இறங்கிவிடும் மேடம், அதனால் பெரிதாக்கவில்லை, வேண்டுமானால் குழிகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்று எழுதினேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். அவர் பதில் அனுப்புவதற்குள் முதல் குழியின் மண் முழுவதும் சாக்கின்மேல் கிடந்தது.