மணி அடித்தால் நிற்கிறவள்

இந்த நாட்டில் ரேடியோவில் மாதா கோயில் மணி அடிக்கிறார்கள். தினமும் பகல் பன்னிரண்டுக்கு, செய்திக்கு முன்னால், ஒரு நிமிஷம் போல. அயர்லாந்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே இது எனக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் கொஞ்சம் அசடு வழிந்துதான் தெரிந்துகொண்டேன். முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. தூக்கிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கூட வேலை செய்யும் மொரீன் பதறி ஓடிவந்து, "என்ன ஆச்சு? இடுப்பா, முதுகா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மணி அடிக்கும்போது பேசக் கூடாது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டாள். மணி ஓய்ந்த பிறகு, "எனக்கு ஒன்றுமில்லை, மணி அடித்தது, நின்றேன்" என்றேன்.

"ஓ, நீ கத்தோலிக்கா?"

"இல்லை, முஸ்லிம்."

மொரீன் என்னையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் கத்தோலிக்தான். நானே நிற்பதில்லையே" என்றாள். விபத்துப் பதிவேட்டில் என் பெயரை அவள் எழுதாமல் தடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நான் நின்ற காரணம் சட்டென்று விளங்கும். வலங்கைமானிலிருந்து டவுன் பஸ்ஸில் கால்மணி நேரம் போனால், வயலுக்கு நடுவே சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். நான் அங்கேதான் படித்தேன். அங்கே இருந்த சின்னக் கோயிலில் பகல் பன்னிரண்டுக்கு ஜெப மணி அடிக்கும். மும்மூன்றாக ஒன்பது அடி, பிறகு விடாமல் ஒரு நீளம். அது முடியும்வரை யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டும். வேதக்காரப் பிள்ளைகள் ஜெபம் சொல்வார்கள், மற்றவர்கள் நின்றால் போதும். முதல் நாள் வீட்டுக்கு வந்து பயந்துகொண்டே அத்தாவிடம் சொன்னேன். "அவங்க ஆண்டவனை நினைக்கிற நேரத்துல நீயும் அல்லாவை நினைச்சுக்கம்மா. சும்மா நிக்கிறதுல என்ன நஷ்டம்?" என்றார். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், எதையும் லாப நஷ்டத்தில்தான் பேசுவார். அன்றிலிருந்து மணி அடிக்கும்போது குர்ஆனில் எனக்குத் தெரிந்த சின்ன சூராவை மனசுக்குள் மூன்று தடவை ஓதுவேன். மூன்றாவது முடியவும் மணி ஓயவும் சரியாக இருக்கும்.

அந்த ஒரு நிமிஷம் இப்போதும் கனவில் வருகிறது. ஸ்கிப்பிங் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தவர்கள் அசையாமல் நிற்க, நடுவில் குதித்தவளின் காலடியில் கயிறு விழுந்து கிடக்கிறது. வாயில் போட்ட நெல்லிக்காயைக் கடிக்க முடியாமல் ஒருத்தி கன்னம் புடைக்க நிற்கிறாள். பந்து மட்டும் தன்பாட்டுக்கு உருண்டு போய்ச் சுவரோரம் ஓய்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நடவு நடும் பெண்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அது சாப்பாட்டு மணி. முறைத் தண்ணீர் விடும் நாளில் மேல் வயல்காரர் மடையை அடைத்துக் கீழ் வயலுக்கு விடுவதும் அந்த மணிக்குத்தான். கடிகாரத்தைச் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டவர்கள் உண்டு, மணியைச் சந்தேகப்பட்டவர் இல்லை. கனவில் மணி ஓய்வதேயில்லை. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே இருக்கிறோம், தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் வயல் மாறுகிறது.

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா, பிற்பாடு கன்னியர் மடத்தில் சேர்ந்து, எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்தாள். ஊருக்கு அவள் சிஸ்டர், எனக்கு எப்போதும் ஸ்டெல்லா. போன வருஷம் மே மாதத்தில் போன் செய்தாள்.

"நூரு, உன் தம்பி மக ஆறாவதுக்குத்தானே போறா? நம்ம ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லேன்டி."

"ஏன்டி, ஆள் பிடிக்கிற வேலையும் உனக்குத்தானா?"

அவள் சிரிக்கவில்லை. "ஆறாவதுல பத்துப் புள்ளைங்களாவது சேரணும்னு தலைமை மடத்துல சொல்லிட்டாங்க. இல்லேன்னா வர்ற ஏப்ரலோட மூடிடுவாங்க. வீடு வீடா ஏறி இறங்கி ஒன்பது பேரைப் பிடிச்சுட்டேன். உன் புள்ள வந்தா பத்து."

மறுநாள் என் தம்பி ரஹீமே பேசினான். அவன் மகள் ஆயிஷா மஞ்சள் வேனில் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். "சிஸ்டர் வீட்டுக்கே வந்துட்டாங்கக்கா. எனக்கு ஒண்ணும் புரியல. புள்ள படிப்புல நீ சொல்றதுதான். வேன் ஸ்கூலா, நம்ம ஸ்கூலா?"

இரண்டு நாள் யோசித்தேன். அந்த வாரம் இல்லத்துக்கு ஒரு டாக்டர் போன் செய்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மூன்று தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மொரீன் என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கிப் பேசிவிட்டு, என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். நல்லவள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆயிஷா யாரிடமும் இப்படிப் போனை நீட்டிவிட்டு நிற்கக் கூடாது என்று நினைத்தேன். "வேன் ஸ்கூல்லயே இருக்கட்டும்டா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தமிழ் மீடியத்தில் படித்துக் கடல் தாண்டியவள் நான். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தவளும் நான்தான். ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, தம்பி சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பத்தாவது பிள்ளை வரவில்லை. ஏப்ரலில் பள்ளியை மூடினார்கள்.

கடைசி நாள், ஊரில் பன்னிரண்டு ஆகப் போகிற நேரம், இங்கே காலை ஏழரை ஆகவில்லை. வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா வீடியோ காலில் வந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன், பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடைசி மணிடி. நீயும் கேட்டுக்க" என்றாள். பிறகு, "யார் வந்திருக்கா பாரு" என்று போனைத் திருப்பினாள். பழைய மாணவிகள் கூட்டத்துக்கு நடுவே ஆயிஷா. அவள் பள்ளிக்கு லீவு விட்டாயிற்றாம், வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். "மாமி!" என்று, எங்கள் வழக்கப்படி அத்தையைக் கூப்பிட்டு, எனக்குக் கையை ஆட்டினாள்.

மணி அடித்தது. பூந்தித் தட்டு நீட்டிய பெண் நீட்டியபடி நின்றாள். வாங்கப் போனவளின் கை பாதியில் நின்றது. தலை நரைத்தவர்கள், இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர்கள், ஆறாம் வகுப்பின் அந்த ஒன்பது பேர், எல்லோரும் நின்றார்கள். ஸ்டெல்லாவின் கையும் நின்றுவிட்டது போல, படம் அசையவே இல்லை. அதற்குள் ஆயிஷா மட்டும் நடந்தாள். தட்டிலிருந்து பூந்தி அள்ளி வாயில் போட்டாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. ஓடிவந்து ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். படம் ஆடியது. "சிஸ்டர், என்ன ஆச்சு? எல்லாருக்கும் என்ன ஆச்சு?" மொரீன் அன்று என்னிடம் கேட்ட அதே குரல். மணி அடிக்கும்போது ஸ்டெல்லா பேச மாட்டாள்.

இங்கே பஸ் வந்து நின்று, கதவு திறந்தது. என்னைத் தினமும் பார்க்கிற டிரைவர்தான், ஏறு என்று தலையசைத்தார். நான் இரண்டாவது தடவை ஓதிக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தடவை கையைக் காட்டினார், உதட்டைப் பிதுக்கினார், கதவை மூடினார்.

மணி ஓய்ந்தபோது பஸ் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே நின்றிருக்க வேண்டிய என் பிள்ளை நடந்துகொண்டிருந்தாள். போயிருக்க வேண்டிய நான் இங்கே தூறலில் நின்றுகொண்டிருந்தேன்.