சக்கரம் வைத்த மேசைகள்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. இவள் மேசைக்குக் கட்டினாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே சக்கரம். ஆய்வகங்களுக்கு வரைபடம் போடுவது வேலை. அதுவும் தண்ணீரும் அமிலமும் புழங்குகிற ஈர ஆய்வகம். அந்த 'ஈர' என்ற ஒரு சொல்லால் வீட்டில் அவள் மானம் போயிற்று.

"எங்க மருமக கட்டுறதெல்லாம் ஒழுகுமாம். அதுக்குச் சம்பளம் வேற!" என்று மாமியார் மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டார். விளக்கிச் சொன்னாலும் எடுபடவில்லை. ஏற்கெனவே மாமியாரின் கட்டிலுக்கும் அவள் சக்கரம் மாட்டியிருந்தாள். பிரேக் போட மறந்த ஒரு மதியம், கட்டில் அவரையும் ஏற்றிக்கொண்டு சமையலறை வாசல் வரை போய்விட்டது. அதிலிருந்து அவர் அவளிடம் எந்த விளக்கமும் கேட்பதில்லை.

இப்போது கட்டி முடித்த ஆய்வகத்துக்கு அவள் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்திருந்தாள். இருபத்திரண்டு மேசைகள், அத்தனையும் உருளும். தண்ணீரும் வாயுவும் மின்சாரமும் கூரையிலிருந்து இறங்கும். மூன்றையும் சேர்த்துக் கொண்டுவரும் ஹோஸ் குழாயை மாட்டினால் வேலை நடக்கும், கழற்றினால் மேசை கிளம்பும். முதலாளிக்குத்தான் இதில் நம்பிக்கையே இல்லை.

"நாளைக்கு சோதனைக்கு வர்ற பாதுகாப்பு அதிகாரி மேடம் ஒரு குறை சொன்னாலும் போதும். சக்கரத்தையெல்லாம் கழட்டிட்டு மேசையத் தரையோட போல்ட் போட்டு இறுக்கிடுவேன்" என்றார்.

மறுநாள் காலை அவள் உள்ளே நுழைந்தால் ஒரே அமளி. முந்தின நாள்தான் விஞ்ஞானிகளிடம் சாவி கொடுத்திருந்தார்கள். தலைகால் புரியாமல் ஆளாளுக்கு மேசையைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெயருக்குப் பின்னால் பட்டங்களை வரிசையாகப் போட்டுக்கொள்கிற ஒருவர் மேசை மேல் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் அவரைச் சன்னலோரம் ஓட்டிப் போனார். பதற வேண்டிய அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பாதுகாப்பு அதிகாரி சிரிக்கவில்லை. அமிலம் பட்டவர் ஓடிப்போய்க் கழுவிக்கொள்ளும் அவசரக் குழாய்க்குப் போகும் வழியில், தரையில் பூசியிருந்த சிவப்பு வண்ணத்தைப் பார்த்தார்.

"கண்ணுல ஆசிட் பட்டவங்களுக்குச் சிவப்பென்ன, பச்சையென்ன?"

முதலாளியின் முகம் சுருங்கியது. அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த வழியில மட்டும் தரை சொரசொரன்னு இருக்கும் மேடம். கண்ணு தெரியலன்னாலும் காலு கண்டுபிடிச்சிடும். என் கண்ணக் கட்டுங்க. பத்து எண்றதுக்குள்ள போயிடுறேன்!"

அதிகாரி கைக்குட்டையால் கட்டினார். "நிஜத்துல தலையும் சுத்தும்ல?" என்று அவளைப் பிடித்து மூன்று சுற்றும் சுற்றிவிட்டார்.

"ஒண்ணு, ரெண்டு..."

கட்டடமே சுழன்றது. கால் வழவழப்பில் தடுமாறியது, பிறகு சொரசொரப்பைப் பிடித்தது. "ஆறு" என்றபோது இடுப்பில் ஒரு மேசை இடித்தது. எந்தப் புண்ணியவானோ வழியில் விட்டுப் போயிருக்கிறார்! போச்சு, இருபத்திரண்டுக்கும் போல்ட்தான்! கோபத்தில் இடுப்பாலேயே ஒரு தள்ளு தள்ளினாள். மேசை சமர்த்தாக உருண்டு போயிற்று. "ஒம்போது" என்னும்போது கைப்பிடி சிக்கியது. இழுத்தாள்.

கண் கழுவுகிற குழாய் கீழே. முழுக் குளியல் மேலே. இரண்டின் கைப்பிடியும் எங்கே வர வேண்டும் என்று ஒரு மாதம் சண்டை போட்டு வரைந்தவளே மேலே இருந்ததை இழுத்திருந்தாள். தலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"அந்த மேசைல பிரேக் போட்டிருந்தா?" அதிகாரி விடவில்லை.

"போட மாட்டாங்க மேடம்!" தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினாள். "வேணும்னேதான் ஹோஸ ஒரு முழம் குறைச்சேன். இந்த வழி வரைக்கும் எட்டாது. தண்ணியும் கரண்டும் இல்லாத எடத்துல எவன் நின்னு வேலை பார்ப்பான்?"

அதிகாரி தானே ஒரு ஹோஸை இழுத்துப் பார்த்தார். சிவப்புக்கு ஒரு முழம் முன்னால் அது நின்றுவிட்டது. "காலி மேசையெல்லாம் பின்சுவரோரம் நிக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அவள் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்த மாமியார் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒழுகும்னு!"

அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஈரத்தோடு அவரைக் கட்டிக்கொண்டாள்.

"ஆமா அத்த, பிரமாதமா ஒழுகுது!"