வாசலில் கிடக்காத பேப்பர்

மூன்றாவது குறுக்குத் தெருவில் பதினோரு வருடமாகத் திருட்டு நடக்கவில்லை. அது தன்னால்தான் என்று சொல்லிக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். முதல் ஆள், தெருமுனையில் கேமரா மாட்டவைத்த குடியிருப்போர் சங்கச் செயலாளர். அந்தக் கேமரா நான்காம் மாதமே கண்ணை மூடிவிட்டது. அது செயலாளருக்குத் தெரியும், தெருவுக்கும் தெரியும். திருடனுக்குத் தெரியாது என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். அடுத்தவர் நான்காம் எண் வீட்டில் நாய் வளர்ப்பவர். இன்னொருவர் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி அடித்துக்கொடுத்த வெல்டர்.

பேப்பரக்கா எதுவும் சொல்லிக்கொண்டதில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய மொபெட் ஒன்று. விடியற்காலை நாலரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் வேன் பேப்பர் கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து இணைப்புகளைச் செருகி, சுருட்டி, ரப்பர் போட்டு, ஐந்தேகாலுக்கு வண்டியைக் கிளப்புவாள். மூன்று தெருக்கள், நூற்றுப் பத்து வீடுகள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் பேப்பர் கேட்டைத் தாண்டிப் போய் வாசற்படியில் விழும். செருப்பின் மேலோ பூந்தொட்டியிலோ விழாது. அந்தக் கைக்குத் தெருவில் மரியாதை இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் வெளியூர் போனார்கள். திரும்பி வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. திருடன் மாட்டினான். எந்த வீட்டில் ஆள் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, "நாலு பேப்பர் பிரிக்காமக் கிடந்துச்சு சார், அதுக்கு மேல என்ன வேணும்?" என்றானாம். தெருவில் விசாரிக்க வந்த காவலர் அதைப் பேப்பரக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டம்மாவுக்கு அதன் பிறகு அந்த வீட்டில் தூக்கம் பிடிக்காமல், ஆறு மாதத்தில் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். நாலு பேப்பரையும் வீசியது தன் கை என்பது பேப்பரக்காவுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். முந்தின நாள் பேப்பர் வாசலில் அப்படியே கிடந்தால் வண்டியை நிறுத்துவாள். கேட்டைத் திறந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். வீட்டுக்காரர் திரும்பும்வரை புதிதாகப் போடமாட்டாள். எல்லாவற்றின் ஓரத்திலும் பென்சிலால் வீட்டு எண் எழுதி, வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்குவாள். ஆள் வந்ததும் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "வெளிய சொல்லிக்காதீங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா அஞ்சாவது ஆள் திருடனா இருப்பான்" என்பாள். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் அது தங்களுக்கு மட்டும் அவள் செய்யும் உபகாரம் என்று நினைத்திருந்தார்கள்.

அவளுடைய யுக்திக்குச் சரியான ஜோடி பதினேழாம் எண் வீட்டுக்காரர். ரேடியோ பழுது பார்த்து ஓய்ந்தவர், எழுபத்தாறு வயது, தனி ஆள். ரேடியோக்காரர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். வருடத்தில் மூன்று நான்கு முறை மகள் வீட்டுக்குப் போவார். யாரிடமும் சொல்லமாட்டார்.

"சொல்லிட்டுப் போலாம்ல சார்?" என்று பேப்பரக்கா ஒருமுறை கேட்டாள்.

"ஏம்மா, ஊருக்குப் போறேன்னு தெருவுல சொல்றதும் திருடனுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறதும் ஒண்ணுதான்."

போகும்போது முன்னறையில் ஒரு ரேடியோவை ஓடவிட்டு, ஒரு விளக்கையும் எரியவிட்டுப் போவார். ஆள் இருப்பதாகத் தெரு நம்பும். பேப்பரக்காவுக்கு மட்டும் சூட்சுமம் தெரியும். வீட்டில் இருந்தால் அவர் ஏழு மணிக்கு முன் எழமாட்டார். விடியற்காலையில் ரேடியோ பேசினால் மனிதர் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை வழக்கம்போல வண்டியை நிறுத்தாமல் வீசினாள். வியாழக்கிழமை வந்தபோது புதன்கிழமைப் பேப்பர் படியில் கிடந்தது. வண்டியை நிறுத்தி, கேட்டைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. ரேடியோவில் யாரோ வானிலை அறிக்கை படித்துக்கொண்டிருந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பேப்பரை எடுத்துக்கொண்டு, கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டுப் போனாள். வெள்ளியும் சனியும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே தாண்டினாள்.

சனிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, பின்தெருவிலிருந்து ஓடிவந்தாள். பதினேழாம் எண் வீட்டின் கதவு உடைந்து சாய்ந்திருந்தது. ரேடியோக்காரரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. செவ்வாய் ராத்திரி முன்னறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்க, சமையலறைப் பக்கம் போய் விழுந்தவர். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. வாளித் தண்ணீரில் துண்டை நனைத்து உறிஞ்சிக்கொண்டு அத்தனை நாள் கிடந்திருக்கிறார்.

அவர் போன் எடுக்காததால் ஊரிலிருந்து வந்து கதவை உடைக்கவைத்த மகள் இன்னும் ஆம்புலன்ஸில் ஏறவில்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று டெய்லரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டுத் தைப்பவர் அவர்.

"ரெண்டு தடவை உங்களுக்குப் போன் பண்ணினேன். அப்பா எடுக்க மாட்டேங்கறாரு, கொஞ்சம் பாருங்கன்னு கேட்டேனா இல்லையா?"

"பார்த்தேம்மா. ரேடியோ பாடுச்சு. வாசல்ல பேப்பரும் கிடக்கல. எடுத்துப் படிச்சிட்டுதான் இருக்காரு, உன்மேல கோபம் போலன்னுதானே சொன்னேன்."

போன வாரம் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அவள் கேட்டதும் அவர் மறுத்ததும் டெய்லருக்குத் தெரியும்.

"பேப்பர் கிடக்கலையா? அப்போ எங்கப்பா இடுப்பு ஒடிஞ்சு தவழ்ந்து வந்து பேப்பர் எடுத்துட்டுப் போனாரா? எட்டிக்கூடப் பார்க்காம வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கீங்க. பத்தடி தூரம்ணே. கதவைத் தட்டக் கை வரலையா உங்களுக்கு?"

"கிடக்கலம்மா. என் கண்ணால பார்த்தேன். சத்தியமா கிடக்கல."

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பேப்பரக்கா இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள். ஒரு வாக்கியம் போதும். வாய் திறக்கவில்லை. மகள் ஏறியதும் ஆம்புலன்ஸ் கிளம்பியது. டெய்லர் உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். மிஷின் ஓடவில்லை.

வீட்டில் அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீசியன். அலமாரித் தட்டில் பதினேழு என்று எழுதிய நான்கு பேப்பர்கள் இருந்தன. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயா தள்ளிவிட்ட?" என்றார் அவர். "வயசானவர், விழுந்தாரு. உயிரோட கிடைச்சிட்டாரு. விடு."

"டெய்லரைப் போட்டுக் காய்ச்சறாங்க."

"நாலு நாள் காய்ச்சுவாங்க. அப்புறம் வேற கதை கிடைக்கும்."

"அந்த மனுஷன் பொய் சொல்லலீங்க."

"நீ போய்ச் சொன்னா உன்னைக் காய்ச்சுவாங்க. ஒரு வீடு பாக்கி இல்லாம பேப்பரை நிறுத்துவாங்க. இங்க பாரு, போட்டோமா போனோமான்னு இருந்திருக்கணும். தெருவுக்குக் காவல் காக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லைதான்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அன்று அறுவை சிகிச்சை என்றார்கள். திங்கட்கிழமை, அவருக்கு இன்னும் சரியாக நினைவு திரும்பவில்லை என்றார்கள். அதன் பிறகு காரணம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. டெய்லரிடம் தைக்கக் கொடுத்த துணியை இரண்டு வீட்டார் தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். செயலாளர் சங்கக் கூட்டத்தில், "அண்டை வீட்டார்தான் முதல் காவல். அந்தக் காவல் தூங்கினா கேமரா என்ன செய்யும்?" என்று பேர் சொல்லாமல் பேசினார். கேமராவைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. டெய்லர் கூட்டத்துக்கு வரவில்லை. விடியற்காலையில் அவர் வீட்டு விளக்கு எரிவதைப் பேப்பரக்கா தினமும் பார்த்தாள். பேப்பரை வீசிவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொள்வாள்.

மறு ஞாயிறு மாலை, பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டுக் கட்டில் போட்ட வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் ரேடியோக்காரர். காலில் கட்டு, கையில் ஊசிக் குழாய். மகள் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, உட்காருங்க" என்றாள் மகள்.

பேப்பரக்கா உட்காரவில்லை.

"பேப்பரை எடுத்தது நான்தான் சார்."

மகள் துடைப்பதை நிறுத்தினாள்.

"புதன்கிழமை போட்டது படியில கிடந்துச்சு. வியாழக்கிழமை விடியக்காலைல எடுத்துட்டேன். அப்புறம் போடவே இல்ல. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

ரேடியோக்காரர் மேற்கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"தெரியும்" என்றார்.

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வண்டி நின்ன சத்தம் கேட்டுச்சு. கேட் திறந்த சத்தமும் கேட்டுச்சு. போன உயிர் வந்துச்சும்மா. அப்புறம் சாத்திக் கொக்கி போட்ட பாரு, அப்ப புரிஞ்சுபோச்சு. நான் இல்லைன்னு முடிவு பண்ணிட்ட."

"கூப்பிட்டீங்களா சார்?"

"கூப்பிடாம? முன்னறையில ஒருத்தன் விடாம வானிலை அறிக்கை படிச்சிட்டிருந்தான். அவன் வாயை மூடுறதுக்குள்ள நீ தெருமுனைக்குப் போயிட்ட. அதை அணைக்கணும்னுதான் ரெண்டு நாள் தவழ்ந்து பார்த்தேன். சமையல்கட்டு வாசப்படியைத் தாண்ட முடியல."

சொல்லாமல் விட்டுவிடக்கூடியது இன்னும் ஒன்று இருந்தது. அதையும் சொன்னாள்.

"ரேடியோ எனக்கும் கேட்டுச்சு சார். நல்லா ஏமாத்தறாரு மனுஷன்னு சிரிச்சுக்கிட்டே போனேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. விரல்கள் போர்வையின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தன. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

மகள்தான் பேசினாள். "தெரிஞ்சும் என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா இவளைத் திட்டுவ. திட்டினா இடுப்பு ஒட்டிக்குமா?"

"நான் டெய்லர் அண்ணனை நடுத்தெருவுல நிக்கவச்சு..."

ரேடியோக்காரர் கண்ணைத் திறந்தார். "டெய்லரையா? அவரை எதுக்கு?"

அவர் மகளைப் பார்த்தார், பிறகு பேப்பரக்காவைப் பார்த்தார். புரிந்ததும் அவர் முகம் மாறியது. அத்தனை நேரம் அதில் இல்லாத கோபம் அப்போதுதான் வந்தது.

"எத்தனை நாளா?"

"எட்டு நாள்" என்றாள் பேப்பரக்கா.

"வெளிய போங்க. ரெண்டு பேரும்."

தாழ்வாரத்தில் மகள் டெய்லருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எத்தனை வீட்ல இப்படி எடுப்பீங்க?"

"எல்லா வீட்லயும்."

"ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம்லக்கா."

"தட்டியிருக்கலாம்."

மகள் ஆட்டோ பிடித்து நேராக மூன்றாவது குறுக்குத் தெருவுக்குப் போனாள். டெய்லர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே அவள் கொஞ்ச நேரம் நின்றதைத் தெரு பார்த்தது. என்ன பேசினாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவள் போன பிறகு மிஷின் ஓடுவது கேட்டது.

மறுநாள் காலை நான்காம் எண் வீட்டில் முந்தின நாள் பேப்பர் கிடந்தது. பேப்பரக்கா வண்டியை நிறுத்தி இறங்கினாள். பெல்லை அழுத்தினாள். நாய் குரைத்தது. இன்னொரு முறை அழுத்தியதும், லுங்கியை இறுக்கிக்கொண்டே வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"என்னக்கா, எங்கயாவது தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல. நேத்துப் பேப்பர் கிடக்கு."

"கிடந்தா? நேத்துப் படிக்கல, அவ்வளவுதான். இதுக்கு அஞ்சரை மணிக்கா எழுப்புவீங்க?"

"ஆமா" என்றாள் அவள். "இனிமே எழுப்புவேன். ஊருக்குப் போறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க."

"நல்லாயிருக்கு நியாயம். நாய்க்கு மேல ஆயிட்டீங்க நீங்க."

பதினேழாம் எண் வீட்டில் புதிதாகப் பூட்டுப் போட்டிருந்தது. எதிரே டெய்லர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவரை வெளியே பார்த்ததில்லை. அவள் வண்டியை அணைத்தாள்.

"எட்டு நாள்" என்றார் அவர்.

அவள் தலை குனிந்தாள்.

"அஞ்சாவது நாளெல்லாம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பேப்பர் கிடந்துச்சோ, நான்தான் சரியாப் பார்க்கலையோன்னு. ராத்திரி எழுந்து எழுந்து அந்த வாசலைப் பார்ப்பேன்."

"கிடக்கலண்ணே."

"அதை அன்னைக்கே சொன்னா என்னக்கா?"

அவள் பையிலிருந்து அவருடைய பேப்பரை எடுத்து நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"எப்பவும் போல வாசல்ல போட்டுட்டுப் போங்க. எடுக்கணும்னா நான் எடுத்துக்கறேன்."

அவள் வீசவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கி, கேட்டைத் திறந்து, குனிந்து பேப்பரைப் படியில் வைத்தாள். திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினாள். இன்னும் அறுபது வீடு இருந்தது. தெருமுனையில் திரும்பும்போது ஒருமுறை பார்த்தாள். பேப்பர் படியில்தான் இருந்தது. டெய்லர் அதற்கு இரண்டடி தள்ளி, அதையே பார்த்தபடி நின்றிருந்தார்.