துரையின் காரும் அசையாத முள்ளும்

அழகுமுத்துவுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீசல் எஞ்சினுக்குப் பொறுப்பாக இருந்தார். அது காலை முதல் மாலைவரை ஒரே வேகத்தில் ஓடும். அதன் ஒயில் பிரஷர் மீட்டரில் முள் நாற்பதில் ஏறி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முள் அசைந்தால் எஞ்சினுக்கு நோய், அசையாவிட்டால் சுகம். இதற்கு மேல் வைத்தியம் அவருக்குத் தேவைப்படவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஸ்டோருக்குப் பெரிய கரண்ட் லைன் வந்தது. எஞ்சினைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். அழகுமுத்துவைக் கொண்டுபோக யாரும் வரவில்லை. மலைவேலையைப் பார்க்கும் கண்டாக்கையா, "புல்லுவெட்டுக்கு அனுப்பலாம்" என்று யோசனை சொன்னார். அழகுமுத்துவின் முழங்கால்களோ சரிவில் ஏறினால் இறங்க மறுக்கும், இறங்கினால் ஏற மறுக்கும். மனுஷன் உண்மையிலேயே பயந்துபோனார்.

அந்த நேரம் பார்த்துத் துரை ஒரு கார் வாங்கினார். கொழும்பிலிருந்து வந்த இளவயது மேனேஜர். சிங்களவர், தமிழ் தேவைக்கு மட்டும். டர்போ பூட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை.

"நீ எஞ்சின் ஆளுதானே? காரைப் பாரு. நல்லா பாத்தா கராஜ் வேலை நெரந்தரம்" என்றார்.

அழகுமுத்து முதலில் பார்த்தது முள்ளைத்தான். பனிக்குளிரில் கிளப்பினால் எண்பது. சூடேறி, சும்மா நின்று ஓடும்போது பதினைந்து. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஐம்பது. ஒரு நாளைக்கு இத்தனை தடவை மனசு மாறும் முள்ளை அவர் கண்டதே இல்லை. துரைக்கும் அதே கலக்கம். ஆகவே அழகுமுத்து காரின் ஒயிலை வடித்துவிட்டு, ஸ்டோரில் மிச்சமிருந்த கெட்டி ஒயிலை ஊற்றினார். முள் சூட்டிலும் நாற்பதை விட்டு இறங்கவில்லை. துரை சந்தோஷத்தில் காரைத் தட்டிக்கொடுத்தார். தன்னையே தட்டிக்கொடுத்ததாக அழகுமுத்து எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போனது. காலையில் காரைக் கிளப்பினால் முள் உச்சியில் நிற்கும். ஆனால் எஞ்சின் தலையில் கடகடவென்ற சத்தம் ஓயவே நேரமெடுத்தது. டர்போவின் விசிலில் ஏதோ உரசுவதும் கேட்டது. முள்ளை நம்புவதா காதை நம்புவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் அவருடைய மனைவி அம்மாக்கண்ணு ரப்பர் குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு படியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் எதிர் லயத்துத் தகரம்வரை பாய்ந்தது. பக்கத்தில் வாளி காலியாகக் கிடந்தது.

"இவ்வளவு வேகமா வருதே, அப்படியே வாளிய நெரப்பேன் புள்ள."

"வெரல வச்சு அடைச்சதாலதாங்க இந்த வேகம். வாளிக்கு எவ்வளவு சேரும்? வெரல எடுத்தாத்தான் நெறையும்."

அழகுமுத்து அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் எவ்வளவு அழுத்தம் என்றுதான் முள் காட்டுகிறது. போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. கெட்டி ஒயில் குளிரில் மெல்லிய துவாரங்களில் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. முட்டுவதால் முள் ஏறுகிறது. டர்போ தாகத்தில் கிடக்கிறது. ஒயில் சூட்டில் இளகினால், எஞ்சின் மெதுவாக ஓடினால், முள் இறங்கத்தான் வேண்டும். டீசல் எஞ்சின் வேகம் மாறாமல் ஓடியதால் அதன் முள் அசையவில்லை. அதைப்போய் ஊர் உலகத்து எஞ்சினுக்கெல்லாம் சட்டமாக்கியிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சத்தமில்லாமல் ஒயிலை மாற்றிவிடலாம். மாற்றினால் முள் இறங்கும், துரை கேட்பார். நினைத்த நேரத்தில் துரையின் பங்களாவுக்குப் போய்ச் சொல்லவும் வழக்கமில்லை. துரையிடம் சொல்லவேண்டியதைக் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போதுதான் சொல்லவேண்டும். இருநூறு பேருக்கு முன்னால் சொன்னார்.

"தொரைங்களே, முள்ளு நிக்கணும்னு நான் தப்பான ஒயில ஊத்திட்டேங்க. எஞ்சினுக்கு ஆகாதுங்க. சரியான ஒயில ஊத்துனா முள்ளு எறங்கும். எறங்கத்தாங்க வேணும்."

கண்டாக்கையா வானத்தைப் பார்த்தார். துரை கராஜ் பக்கம் கையைக் காட்டினார்.

"மாத்து. பிறகு நீயும் ஏறு. பாப்போம்."

துரைக்குப் பக்கத்துச் சீட்டில் அந்தத் தோட்டத்துத் தொழிலாளி யாரும் அதுவரை உட்கார்ந்ததில்லை. அழகுமுத்து பாதிச் சீட்டை மட்டும் பாவித்தார். இறம்பொடை வளைவுகளில் கார் சீறிக்கொண்டு ஏறியது. முள் ஐம்பத்தைந்து. மேலே போய் ஓரமாக நிறுத்தியதும் விறுவிறுவென்று இறங்கிப் பதினைந்தில் நின்றது. துரையின் முகம் வெளுத்தது. கை சாவிக்குப் போனது.

அழகுமுத்து அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

"அணைக்காதீங்க தொரை! ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும். டர்போ நெருப்பா இருக்கு. இப்ப அணைச்சா உள்ளுக்க ஒயில் நின்னு கருகிப்போகும்."

டீசல் எஞ்சினையும் அவர் அப்படித்தான், பாரத்தைக் கழற்றிக் கொஞ்சம் சும்மா ஓடவிட்டு நிறுத்துவார். பழைய பாடத்தில் இங்கே உதவியது அது ஒன்றுதான். ஒரு நிமிஷம் முடியும்வரை முள் பதினைந்தை விட்டுக் கீழே போகவில்லை. துரை முள்ளைப் பார்க்கவில்லை. தன் வெள்ளைச் சட்டைக் கையில் பதிந்த நான்கு கறுப்பு விரல் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரட்டில் புல்லுவெட்டுக்குப் படித்த பெயர்களில் அழகுமுத்துவின் பெயரும் இருந்தது. ஒயிலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"தொரை கையவா புடிச்ச?" என்று கண்டாக்கையா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

ஏப்ரலில் கார் ஓடியது. மூன்றாம் இடம் என்றார்கள். அது திரும்பி வந்த பின்னேரம் அழகுமுத்து பங்களாவுக்கு மேலேயுள்ள சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் எரிந்தன. கார் உறுமிக்கொண்டு ஏறிப் பங்களா வாசலில் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. அவர் கத்தியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து எண்ண ஆரம்பித்தார். அறுபது எண்ணிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

"கத்துக்கிட்டான், பாவிப்பய!"

துரையை அப்படி ஒருவர் உரக்கச் சொல்லி அந்த மலை கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற கண்டாக்கையா கேட்காதவர்போல அடுத்த நிரைக்கு நடந்தார்.