எதைப் பற்றிய குமட்டல்?

குறிகட்டுவான் துறையில் படகு ஏறுமுன் சேர் என் கையில் ஒரு தேசிக்காயை வைப்பார். அவருடைய மனைவி எனக்கென்று கொடுத்துவிடுவது. நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் நான் கணிதம், அவர் தர்க்கம் படிப்பிக்கும் அளவையியல். ஒன்பது வருடம் ஒரே படகில் போய் வந்தோம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. தேசிக்காயின் எலுமிச்சை வாசத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன்.

இருக்க விட்டால்தானே! "டீச்சர், இந்தக் குமட்டல் எதைப் பற்றினது?" என்று தொடங்குவார். மனதில் நிகழ்வதெல்லாம் ஏதோ ஒன்றைப் பற்றியே நிகழும் என்பது அவருடைய கட்சி. பயம் என்றால் ஒன்றைக் கண்டு பயம், ஆசை என்றால் ஒன்றின்மேல் ஆசை. குமட்டலும் அப்படித்தானாம்; வயிற்றைப் பற்றி மனதுக்கு வரும் சேதியாம். "ஒண்டையும் பற்றி இல்லை, சேர். சும்மா குமட்டல். ஆளை விடுங்கோ" என்பேன். விடுவாரா? உணர்வையும் அது சுட்டும் பொருளையும் பிரிக்க ஏலாது, இரண்டும் ஒட்டியே வரும் என்பார். நான் வாந்தி எடுத்து நிமிர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பக்கத்தில் இருந்த மீன்காரர் ஒருநாள் எழும்பி வேறிடம் போய்விட்டார். நான் எங்கே போவது? வாந்தி எடுக்கும் பை சேரின் கையில் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருதரமாவது "நீங்கள் சொல்லுறது சரி" என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

போன வருடம் அவருடைய மனைவி திடீரென்று செத்துப்போனா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வேலைக்கு வந்த அன்று படகில் சேர் பாடம் நடத்தும் அதே குரலில் சொன்னார்:

"டீச்சர், முழுநாளும் அவவைத்தான் நினைக்கிறன். முகம், நடை, கதைக்கிற விதம், எல்லாம் தெளிவா வருது. ஆனா உள்ளுக்கை ஒண்டும் நடக்கேல்லை. நோவு இல்லை, அழுகை இல்லை. நினைப்பு இருக்கு, உணர்வு இல்லை. இது எப்பிடி ஏலும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் அன்று மோசம், வயிறு புரட்டுகிறது, கையில் தேசிக்காயும் இல்லை. அவவுக்காக நானே இரண்டு நாள் அழுதிருக்கிறேன். இந்த மனுஷன் அதையும் ஒரு வாதமாக்கி என் முன்னால் வைக்கிறாரே!

"அப்ப உங்களுக்கு அவவிலை பாசம் இல்லைப் போலை, சேர்" என்று சொல்லிவிட்டேன்.

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். சொன்ன வாய் மூடுமுன் மறுக்கிறவர் அவர். பாசம் இருந்தால் உடனே நோகவேண்டும் என்று என்ன கட்டாயம், துக்கம் பிந்தியும் வரலாமே என்று என்னை மடக்கியிருக்கலாம். அவர் மெல்லத் தலையாட்டினார்.

"ஓம், டீச்சர். நானும் அப்பிடித்தான் யோசிச்சனான்."

அந்தத் தவணையோடு வேலையிலிருந்து ஓய்வுபெற்று வவுனியாவில் மகளிடம் போய்விட்டார். தொலைபேசியில் இரண்டு தரம் எடுத்து, அன்று நான் எரிச்சலில் சொன்னது பிழை என்று சொன்னேன். "என்னண்டு பிழை? காரணம் சொல்லுங்கோ" என்கிறார். காரணம்! அவர் தன் மனைவியை விரும்பினார் என்பதற்கு நான் போய் என்ன காரணம் காட்டுவது? ஒன்பது வருடம் நான் வாயைத் திறந்ததையெல்லாம் மறுத்த மனுஷன், ஐயோ, அன்றைக்கு ஒருநாள் மறுத்திருக்கக் கூடாதா?