பக்கத்துத் தெருவில் நின்ற கார்கள்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அவுஸ்திரேலியாவில், மெரிலேண்ட்ஸில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தோம். செத்தல் மிளகாயும் இடியப்ப மாவும் கறுவாப்பட்டையும் வாங்கத் தூரத்து வொல்லொங்கொங்கிலிருந்துகூடச் சனம் வரும். சனிக்கிழமைகளில் கடைக்குள் நிற்க இடமிராது. வெளியில் அதைவிட மோசம். கடை வாசல் பெரிய தெருவைப் பார்த்திருந்தது. அங்கே கார் நிறுத்தத் தடை. வருபவர்கள் மூலையால் திரும்பிப் பக்கத்துச் சின்னத் தெருவில் நிறுத்துவார்கள். அந்தத் தெரு முழுவதும் வீடுகள்.

என் கணவர் கவுன்சிலுக்கு விண்ணப்பித்தார். அந்தத் தெரு ஓரத்துப் புல்தரையை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்து தரும்படி கேட்டார். கேட்பதில் என்ன பிழை என்பது அவருடைய எண்ணம். கவுன்சில்காரர் வந்து, இதை முடிவு செய்யக் கூட்டம் நடக்கும் என்று மின்கம்பத்தில் ஓர் அறிவித்தலைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, காலையில் கை காட்டுகிற அயலவர்கள் காட்டாமல் விட்டார்கள். மூலைக்கு அடுத்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ரயில் சாரதி, கடைக்குள் வந்து மேசையில் கை ஊன்றி, "இது நடக்காது. நான் நடக்க விடமாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

சின்ன வயதில், கொழும்பில், அப்பாவின் கடைக்கு முன்னால் கூட்டம் கூடியதைப் பார்த்தவள் நான். அன்று மாலை அந்தக் கடை இல்லை, சாம்பல்தான். அதைக் கணவருக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

"இது அவுஸ்திரேலியா. நீர் சும்மா பயப்படுறீர்," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம், தெருச் சனம் மூலையில் கூடத் தொடங்கியது. ஆண்கள், பெண்கள், கையில் ஏதோ சாமான்கள். ரயில் சாரதி எங்கள் சுவரைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைப் பூட்டினேன். வாளிகளில் தண்ணீர் நிரப்பினேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் இருந்தேன். குழந்தை அழுதுவிடக்கூடாது என்று அதன் வாயருகே கையை வைத்திருந்தது இப்போதும் என் உள்ளங்கைக்குத் தெரியும்.

கணவர் திரும்பி வந்து கதவைத் தட்டியபோதும் நான் உடனே திறக்கவில்லை.

"அவையள் அளவு நாடாவால புல்லை அளந்தவையள், அவ்வளவுதான். கவுன்சில் கூட்டத்திலை காட்டப் போகினமாம்," என்றார். பிறகு தண்ணீர் வாளிகளைக் கண்டார். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் ஊற்றினார்.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரம், அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வந்து மூலையில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் எங்கள் ஆட்களின் கார்கள். ஒரு மினி கார் வளைவிலேயே வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ரயில் சாரதியின் மனைவிக்கு நெஞ்சு வலி.

"ஆருடைய மினி இது?" என்று கணவர் கடைக்குள் வந்து கத்தினார்.

"அந்தக் கார்க்காரர் சாமானை வச்சிட்டு இறைச்சிக் கடைக்குப் போயிட்டார்," என்றாள் ஒரு பெண்.

"தூக்குவம். வாங்கோ எல்லாரும்."

கடையில் நின்ற ஆண்கள் ஓடினார்கள். மினியைச் சுற்றி நின்று, மூச்சுப் பிடித்துத் தூக்கி, புல்லில் வைத்தார்கள். அம்புலன்ஸ் உள்ளே போனது. ரயில் சாரதி வாசல் படலையில் வீட்டுச் செருப்போடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் ஏசவில்லை. நான் குழந்தையோடு கடைப் படியில் நின்றேன். அந்த மனுஷி செத்தால் அது எங்களால்தான் என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

செய்தி ஒன்றும் வரவில்லை. அந்த வீட்டுத் திரைச்சீலைகள் மூடியபடியே இருந்தன. கடைசியில் தாங்க முடியாமல் நானே போய் மணியை அடித்தேன். அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"உயிரோடு இருக்கிறாள்," என்றார். கதவு மூடியது.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். "இஞ்சருங்கோ, அந்தத் தெருவைக் கேக்காதேங்கோ."

"அப்ப கடையை மூடுறதோ?"

"கடைக்குப் பின்னாலை வளவு கிடக்குதுதானே. கார் விட அதைக் குடுப்பம்."

அந்த வளவில்தான் அவர் கிரிக்கெட் பழக வலை கட்டியிருந்தார். அவர் எழும்பிப் போய் அந்த வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கவுன்சில் மண்டபத்தில் எங்கள் தெருவே வந்திருந்தது. எங்களைத் தவிர அங்கே கறுத்த முகம் இல்லை. கணவரைக் கூப்பிட்டபோது அவர் எழும்பி என்னைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமி, தெருவோரம் வேண்டாம், எங்கள் பின் வளவில் கார் நிறுத்த அனுமதி தந்தால் போதும் என்றார். பிறகு ரயில் சாரதி எழும்பி, "அதற்கு எனக்கு எதிர்ப்பு இல்லை," என்றார்.

வலையைக் கழற்றிச் சீமெந்து போட்டோம். ரயில் சாரதியின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அவர் எங்களோடு கதைத்தது கிடையாது. சனிக்கிழமைகளில் கடை திறக்கும் முன் நான் போய் அந்தத் தெருவின் வளைவில் நிற்பேன். யாராவது அங்கே காரைத் திருப்பினால் இரண்டு கைகளையும் விரித்து மறிப்பேன். கடையை விற்கும்வரை அந்த வேலையை நான் வேறு ஆளிடம் விடவில்லை.